பித்தளைப் பட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

செய்தி காலைத் தேநீரோடு வந்தது. தொலைபேசியில் அழைத்தவர் பிலோமினா டீச்சரிடம் படித்தவர்; இன்று அவருக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். "டீச்சர், நம்ம பிலோமினா டீச்சர் போயிட்டாங்க" என்றார். அழைப்பு முடிந்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கப் போனேன். வைக்கவில்லை. ஆறிப்போயிருந்த தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்த பிறகே வைத்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பலர் தேவாலய வாசலில் நின்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் அவர் செய்யுள் வாசிக்கும் குரலைச் சொன்னார். இன்னொருவர், தாழ்வாரத்தில் அவருடைய ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் வகுப்பே அடங்கிவிடும் என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு குளியலறை வாசல். இரங்கல் எழுதும் இடத்தில் குளியலறையா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வாழ்நாளெல்லாம் கரும்பலகை முன் நின்றவளுக்கு எடுத்துக்காட்டு இல்லாமல் எதையும் விளக்கத் தெரியாது. பிலோமினா யார் என்பதற்கு என்னிடம் உள்ள நல்ல எடுத்துக்காட்டு அந்த வாசல்தான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவின் கோடியில், ஆசிரியைகளுக்கான சிறிய விடுதி ஒன்றில் நான் தங்கியிருந்தேன். அதற்கு முன் ஒரு வெள்ளைக்கார மருத்துவர் குடியிருந்த வீடு அது. விடுதியை நடத்திய அம்மையாரை நாங்கள் பெரியம்மா என்று அழைப்போம். டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள், தீவின் வடகோடியில் உள்ள செம்பவாங்கிலிருந்து ஒரு லாரி வந்து வாசலில் நின்றது. முன்னிருக்கையிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் குதித்து இறங்கி, மறுபக்கம் ஓடி, இரு கைகளையும் நீட்டினார். உள்ளே இருந்த இளம்பெண் அந்தக் கைகளைத் தள்ளிவிட்டார்.

"தூக்காதீங்கப்பா. கதவத் தொறந்து புடிங்க, அது போதும்."

அவர்தான் பிலோமினா. சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவருடைய வலது காலை எடுத்துக்கொண்டிருந்தது. தொடையிலிருந்து காலணிவரை இரும்புச் சட்டம், முழங்கால் மடங்காது. கையில் ஓர் ஊன்றுகோல். அவருடைய தந்தை கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். பெரிய பெரிய இயந்திரங்களைச் சங்கிலி கட்டித் தூக்கி இறக்குவது அவர் தொழில். மகளையும் அப்படியே தூக்கித் தூக்கி வளர்த்திருந்தார். பிலோமினாவுக்கு எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. செம்பவாங்கிலிருந்து தினமும் பேருந்து ஏறி இறங்க அவரால் ஆகாது. ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் விடுதியில் இடம் உறுதியானால் வேலை உண்டு. இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இடம் இருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த ஒரே அறை அது. மருத்துவர் காலத்தில் அதுதான் குளிர்சாதன அறை. சுவருக்குச் சுவர் பச்சைக் கார்பெட் விரித்திருந்தார். அதை ஒட்டியே கழிப்பறையும் சேர்ந்த குளியலறை. அவர் குளித்த பீங்கான் தொட்டியை எடுத்துவிட்டு, நம்மவர்கள் மொண்டு ஊற்றிக் குளிப்பதற்கு ஏற்ப விடுதிக்காரர்கள் சிமெண்டில் தண்ணீர்த் தொட்டி கட்டி, பழைய தரையின்மேலேயே புதிய டைல் பதித்திருந்தார்கள். அதனால் குளியலறைத் தரை இரண்டு விரல்கடை உயர்ந்துவிட்டது. டைல் பதித்த சீனக் கொத்தனார் ஆ ஹோக் வாசல்வரை வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு வந்து கார்பெட்டைச் சரிசெய்த கோவிந்தசாமி, டைல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாகவே அதை வெட்டி ஆணி அடித்துவிட்டுப் போனார். இரண்டுக்கும் நடுவில் மொட்டை சிமெண்ட். ஒரு பக்கம் டைலின் கூர்மையான விளிம்பு, மறுபக்கம் காது போல மடங்கி நின்ற கார்பெட் ஓரம். நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போகிறவர்களுக்கு அது ஒரு குறையாகவே படாது.

பிலோமினாவின் காலணி முதல் நாளே அந்தக் காதில் மாட்டியது. நல்லவேளை, கார்பெட்டின் மேல் விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிப்போய் நான் தூக்கினேன். அன்றிலிருந்து அவர் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் அழைப்பார். நான் இடுப்பில் கைகொடுத்து அந்த இரண்டு விரல்கடையைத் தாண்ட வைப்பேன். வெளியே வர மறுபடி அழைப்பார். பெரியம்மா இதைப் பார்த்தார். கெட்ட மனம் படைத்தவர் அல்லர், பயந்த மனம்.

"தப்பா நெனைக்காதம்மா. ஸ்கூல் தொறந்தா ஒனக்குக் காலை வகுப்பு, இவளுக்கு மத்தியான வகுப்பு. நீ தனியா விழுந்து கெடந்தா யாரு பதில் சொல்றது? தொறக்கறதுக்கு மொத நாள் வரைக்கும் பாப்போம் லா. தானா போயி தானா வர முடிஞ்சா இரு. இல்லன்னா அப்பாவ வரச் சொல்லிக்கலாம்" என்றார்.

பிலோமினா "சரி பெரியம்மா" என்று மட்டும் சொன்னார்.

சில நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். மாலையில் எல்லோருக்கும் தேநீர் வரும். பிலோமினாவின் டம்ளர் அப்படியே இருக்கும்.

"என்ன பிலோமினா, டீ புடிக்கலியா?"

"புடிக்கும் அக்கா. சூடு ஆறட்டும்."

சூடு ஆறியது. நான் திரும்பிய நேரத்தில் அதை ஜன்னலோரப் பூந்தொட்டியில் ஊற்றினார். சாப்பாட்டில் ரசத்தை ஒதுக்கினார். மேசையில் தண்ணீர்ச் செம்பு நிரம்பியபடியே இருந்தது. சிங்கப்பூர் வெயிலில் ஒருவர் நாள்முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார் என்றால் அது விரதமா, வீம்பா? கேட்டேவிட்டேன்.

"குடிச்சா உங்களக் கூப்பிடணுமே அக்கா" என்றார். உதடு வெடித்திருந்தது.

"கூப்பிடு. எத்தன தடவ வேணும்னாலும் கூப்பிடு."

"கூப்பிட்டா வருவீங்க. அது தெரியும். அதனாலதான் குடிக்கல."

கார்பெட்டையே உருவி எறிந்துவிட்டால் என்ன என்று யோசனை சொன்னேன். அவர் பதறிப்போனார். "ஐயோ, வேணாம். ஊன்றுகோல் வழுக்காத தரை, விழுந்தாலும் வலிக்காத தரை இப்பதான் எனக்குக் கெடச்சிருக்கு. நீங்கள்லாம் இல்லாதப்ப இந்த ரூம்ல கோல் இல்லாம நடந்து பாக்கறேன், தெரியுமா? தரை நல்லாத்தான் இருக்கு அக்கா. அந்தத் தரையும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் சேர்ற எடத்துலதான் யாரும் வேலையே செய்யல."

அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆ ஹோக்கைக் கேட்டபோது சந்தைப் பேச்சான பசார் மலாயில் அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "டைல் சாயா பூஞா. கார்பெட் டியா பூஞா. தெங்கா, தடா ஓராங் பூஞா." டைல் என்னுடையது, கார்பெட் அவனுடையது, நடுவில் இருப்பது யாருடையதும் இல்லை என்று பொருள். தேக்காவில் கடை வைத்திருந்த கோவிந்தசாமியைக் கேட்டேன். மெத்தை, நாற்காலி, கார்பெட், கதவு என்று எதையும் விடாமல் செய்பவர். பேச்சும் அதே அளவு. "நான் ஆணி அடிக்க வந்தப்பவே அந்தச் சீனன் தரைய ஏத்தி வச்சுட்டுப் போயிட்டான் டீச்சர். அவன் பண்ணதுக்கு நானா பொறுப்பு? இருந்தாலும் நம்ம பொண்ணு. நீங்க கவலைய விடுங்க. ஒரு வேல பண்ணித் தர்றேன், சிங்கப்பூர்லயே எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க."

கிறிஸ்துமஸுக்குப் பிலோமினா செம்பவாங் போயிருந்தார். கோவிந்தசாமி அந்த நாட்களில் ஓய்வில்லாமல் வேலை செய்தார். பிலோமினா கிறிஸ்துமஸ் பலகாரங்களான கல்கல்லும் அச்சு முறுக்கும் நிறைந்த டின்னோடு தந்தையுடன் திரும்பியபோது நாங்கள் எல்லோரும் அந்த அறையில் கூடியிருந்தோம். குளியலறை வாசலில் செங்கால் என்ற உறுதியான மலாய் நாட்டு மரத்தில் இழைத்த ஒரு நிலைப்படி பளபளவென்று நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே மாவிலைகூடச் செருகியிருந்தார்.

"படி வைக்காத வாசலு மூக்கில்லாத மூஞ்சி மாதிரி" என்றார் கோவிந்தசாமி. "இனி ஒரு சொட்டுத் தண்ணி கார்பெட்டுக்கு வராது. வந்தா என் பேர மாத்திக்கறேன்."

பெரியம்மா படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிலோமினாவின் தந்தை ஓரத்தைத் தடவிப் பார்த்து, "நல்ல வேல" என்றார். நானும் தலையாட்டினேன். பிலோமினாவே ஊன்றுகோல் நுனியால் அதை மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, "வழவழன்னு அழகா இருக்கு அண்ணே" என்றார். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாசல் என்றால் படி. அதை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். கோயிலானாலும் தேவாலயத்துக்குப் போகும் வீடானாலும் நம் கைக்கும் கண்ணுக்கும் அதுதான் பழக்கம்.

கொஞ்ச நேரம் கழித்து பிலோமினா மெதுவாகக் கேட்டார். "அண்ணே, எல்லாம் சரி. இத நான் எப்படித் தாண்டறது?"

கோவிந்தசாமி படியைப் பார்த்தார், பிலோமினாவின் இரும்புக் காலைப் பார்த்தார், மறுபடி படியைப் பார்த்தார். இரண்டு விரல்கடை உயரம் இப்போது ஒரு சாணாகியிருந்தது. முதலில் சிரித்தது பிலோமினாதான். அப்படிச் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. அவர் தந்தை சிரிக்கவில்லை. டின்னைக் கட்டிலில் வைத்துவிட்டு மகளைத் தூக்கக் கையை நீட்டினார். "வேணாம்பா" என்றார் பிலோமினா. பெரியம்மா என்னைத் தனியே அழைத்து, "இது சரிப்பட்டு வராது போல இருக்கும்மா. மனச தேத்தி அனுப்பி வைக்கற வழியப் பாரு" என்றார்.

அன்று மாலை தேநீர் வந்தபோது பிலோமினா டம்ளரைக் கையிலேயே எடுக்கவில்லை. ஆனால் என்னிடம் ஒரு வேலை சொன்னார். "அக்கா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பலகாரம் சாப்பிட வரச் சொல்லி கோவிந்தசாமி அண்ணனுக்குச் சொல்லி விடுங்க. ஆ ஹோக்குக்கும் சொல்லி விடுங்க. ஒருத்தர் வர்றது இன்னொருத்தருக்குத் தெரிய வேணாம்."

தெரிந்திருந்தால் இருவருமே வந்திருக்க மாட்டார்கள். அறைக்குள் எதிரெதிரே பார்த்துக்கொண்டதும் கோவிந்தசாமி, "இவன எதுக்கு டீச்சர்?" என்றார். ஆ ஹோக் வந்த வழியே திரும்பப் பார்த்தார். கையில் அச்சு முறுக்கு இருந்ததால் மரியாதைக்கு நின்றார். பிலோமினா வாசலுக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு மர அடிக்கோல், ஒரு ரிப்பன்.

"அண்ணே, உக்காருங்க. வலது கால நீட்டுங்க."

"என்ன டீச்சர், அடிக்கப் போறீங்களா?"

முழங்காலுக்கு முன்னால் ஓர் அடிக்கோல், பின்னால் ஒன்று வைத்து ரிப்பனால் இறுக்கிக் கட்டினார். "இப்ப எந்திரிச்சு, உங்க படியத் தாண்டி உள்ள போய்ட்டு வாங்க."

கோவிந்தசாமி எழுந்தார். மடங்காத காலோடு இரண்டடி வைத்ததும் ஆ ஹோக் வாய்விட்டுச் சிரித்தார். படியருகே போனதும் கோவிந்தசாமி நிலையைப் பிடித்துக்கொண்டு தவித்தார். எகிறினார். கால் படியில் இடித்தது. "அம்மாடி" என்று உட்கார்ந்துவிட்டார். ஆ ஹோக் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறியா? டீச்சர், இவனுக்கும் கட்டுங்க."

ஆ ஹோக்குக்கும் கட்டினோம். அவர் சிரிப்பு கார்பெட் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அவர் திரும்ப நடந்தார். பிறகு இன்னொரு முறை, மெதுவாக, தன் காலையே பார்த்தபடி நடந்தார். மடங்காத கால் நேராக முன்னால் போவதில்லை. பக்கவாட்டில் வீசி, அரிவாள் போல ஒரு அரைவட்டம் போட்டு, பிறகுதான் முன்னால் வந்து ஊன்றுகிறது. அவர் குந்தி உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த சுண்ணக்கட்டியால் அந்த அரைவட்டத்தைக் கார்பெட்டின் மேல் வரைந்தார். "மச்சாம் இனி" என்றார். இப்படி.

"டேய், கார்பெட்ல கிறுக்காத" என்ற கோவிந்தசாமி, கோட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். கோடு வாசலின் அகலத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. "அப்படின்னா சரிவ வாசல் அளவுக்கு வச்சாப் பத்தாது. ரெண்டு பக்கமும் அகலமா வேணும்."

"ஆயர்?" என்றார் ஆ ஹோக். தண்ணீர்? படி இல்லாவிட்டால் குளிக்கிற தண்ணீர் அத்தனையும் கார்பெட்டுக்கு வருமே.

"ஒன் தரைய அந்தப் பக்கம் சாயி."

"சாயா டைல் பெச்சா?"

"ஆமா, ஒன் டைல ஒடைக்கத்தான் வேணும். நான் என் படிய ஒடைக்கறேன்ல?"

அவர்கள் இரண்டு மொழியில் சண்டை போட்டபடியே வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிலோமினா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "சண்ட போட்டாலும் ஒரே எடத்துல உக்காந்து போட்டாப் போதும் அக்கா" என்றார். பின்னாளில் ஆசிரியர் அறையில் எத்தனையோ பேருக்கு அவர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க அந்த வாசலில் இரண்டு முதுகுகள் தெரிந்தன. ஆ ஹோக் வாசலை ஒட்டிய டைல் வரிசைகளைப் பெயர்த்து, வாசலில் உயரமும் சாக்கடைத் துளையை நோக்கித் தாழ்வுமாக மறுபடி பதித்தார். விளிம்பில் முனை மழுங்கிய டைலைத் தேடி வாங்கி வந்து போட்டார். கோவிந்தசாமி தன் நிலைப்படியைத் தானே பெயர்த்தெடுத்து, அதே மரத்தை ஆப்பு போல இழைத்தார். ஒரு பக்கம் காகிதத் தடிமன், மறுபக்கம் டைல் உயரம். அந்தப் பலகைகளைக் கார்பெட்டுக்கு அடியில், ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு, வாசலைவிட அகலமாக வைத்துத் தரையோடு முடுக்கினார். மேலே கார்பெட்டை இழுத்து விரித்தபோது சரிவு கண்ணுக்கே தெரியவில்லை. கால்தான் அதைக் கண்டுகொள்ளும். கதவின் அடியையும் உரசாதபடி இழைத்துவிட்டார். கடைசியில் கார்பெட்டும் டைலும் சந்திக்கும் கோட்டின் மேல் ஒரு பித்தளைப் பட்டை. திருகாணித் தலை துருத்தாமல் குழி தோண்டி இறக்கினார். பட்டை சரியாகக் கதவுக்கு அடியில் வந்தது. கதவை மூடினால் அறையிலிருந்து கார்பெட் மட்டும் தெரியும். குளியலறையிலிருந்து டைல் மட்டும் தெரியும்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. ஆ ஹோக் உள்ளிருந்து வாளியைக் கவிழ்த்தார். கோவிந்தசாமி இந்தப் பக்கம் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கார்பெட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பட்டையை நோக்கி வந்தது, யோசிப்பதுபோல் நின்றது, திரும்பிப் போனது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தேங்கி நின்றது. "ஓய், இங்க ஒரு எடம் போக மாட்டேங்குது." ஆ ஹோக் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே அந்த மூலை டைலைப் பெயர்த்து மறுபடி பதித்தார். நடுவில் உள்ளது யாருடையதும் இல்லை என்று சொன்னவர் அவர்தான் என்பதை அவருக்கு யாரும் நினைவூட்டவில்லை.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் வந்தது. பெரியம்மா வந்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செம்பவாங்கிலிருந்து தந்தை வந்திருந்தார். மகளின் பெட்டியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று லாரியையும் நிறுத்தி வைத்திருந்தார். கோவிந்தசாமியும் ஆ ஹோக்கும் வேறு ஏதோ வேலையாக வந்ததுபோல் வாசலில் நின்றார்கள். பிலோமினா எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கார்பெட்டில் அவர் நடந்தால் சத்தம் வராது. டைலில் இரும்பு பட்டால்தான் டக் என்று கேட்கும். நாங்கள் அந்த டக்குக்காகக் காத்திருந்தோம். தந்தையின் கைகள் தாமாகவே முன்னால் நீண்டிருந்தன. காத்திருந்தோம். பெரியம்மா எழுந்தே விட்டார். அப்போது கேட்டது, டக். பிறகு இன்னொன்று. குவளையால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கோவிந்தசாமி தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. மறுபடி டக், டக். அதன்பின் அமைதி. மறுபடி டக். என்ன நடக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. "விழுந்துட்டாளா?" என்று தந்தை கதவில் கை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. ஈரக் கூந்தல், நெற்றியில் பவுடர், மடிப்புக் கலையாத சேலை.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றார் பெரியம்மா.

"துண்டக் கட்டில்லயே விட்டுட்டுப் போயிட்டேன் பெரியம்மா. அக்காவக் கூப்பிட வாயெடுத்தேன். அப்புறம், எதுக்குக் கூப்பிடணும்னு தோணுச்சு. நானே வந்து எடுத்துட்டுப் போனேன்."

"துண்ட மறக்கற டீச்சரு, பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறாளோ" என்று முணுமுணுத்துக்கொண்டே பெரியம்மா நாற்காலியைத் தாமே மடக்கி எடுத்தார். "காலைல சீக்கிரம் கெளம்பும்மா. மொத நாளே லேட்டாப் போகாத லா." அவ்வளவுதான். இடம் உறுதியாகிவிட்டது. தந்தை தம் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். லாரி காலியாகவே செம்பவாங் திரும்பியது.

அன்று மாலை தேநீர் வந்தது. பிலோமினா தம் டம்ளரைக் குடித்து முடித்துவிட்டு என்னுடையதை எட்டிப் பார்த்தார். "அக்கா, ஒங்களுது ஆறுதே. குடிக்கலன்னா குடுங்க." கொடுத்தேன். அதையும் குடித்தார். சற்று நேரத்தில் எழுந்து போனார். டக், டக். எங்கள் பேச்சு நிற்கவேயில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பிறகு அவர் எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தினார், எத்தனை பேரை வளர்த்தார் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேறு பள்ளியிலிருந்து ஒரு சிறுமி புதிதாக வந்து, வகுப்பு வாசலிலேயே பையை அணைத்துக்கொண்டு நின்றாள். மற்ற ஆசிரியைகள் "உள்ள வாம்மா, வாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். பிலோமினா தடுத்தார். "இழுக்காதீங்க. கதவத் தொறந்து வச்சுட்டு நம்ம வேலையப் பாப்போம். எந்த எடத்துல இடிக்குதுன்னு மட்டும் பாத்துக்கலாம்." இடித்த இடம் சீக்கிரமே தெரிந்தது, முன் வரிசையில் உட்கார அவளுக்குப் பயம். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டதும் தானாகவே வந்து உட்கார்ந்தாள். தோ பாயோவில் பிலோமினாவுக்குச் சொந்தமாக வீடு கிடைத்தபோது, மற்றவர்கள் ஜன்னல் வழியே காட்சி பார்த்தார்கள். அவரும் கோவிந்தசாமியும் குளியலறை வாசலில் குனிந்து நின்றார்கள். ஆ ஹோக் சிமெண்ட் வாளியோடு பின்னால் வந்துகொண்டிருந்தார். இன்று அவர்கள் இருவரும் இல்லை. விடுதி இருந்த இடத்திலும் இப்போது வேறு கட்டடம்.

சென்ற ஆண்டு எனக்கும் முழங்கால் மடங்க மறுத்தது. நடைச்சட்டத்தைப் பிடித்துத்தான் நடக்கிறேன். என் வீட்டுக் குளியலறை வாசலிலும் ஒரு சிறிய மேடு. சில வாரங்கள் கழித்துத்தான் கவனித்தேன். என் மேசையில் தண்ணீர் டம்ளர் நிரம்பியபடியே இருக்கத் தொடங்கியிருந்தது. பிலோமினாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்தார். "அக்கா, டம்ளர் ரொம்பி இருந்தா தரையப் பாக்கணும்னு ஒங்களுக்கே நான் சொல்லணுமா?" மறு வாரம் ஆட்களை அனுப்பி வைத்தார். இரண்டு இளைஞர்கள் வந்து, கொஞ்சம் பேசி, கொஞ்சம் சண்டையிட்டு, ஒரு சரிவு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவருடைய படத்தையோ ஊன்றுகோலையோ நான் கேட்டு வாங்கவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். யார் வீட்டுக்குப் போனாலும், மருத்துவமனையில் யாரைப் பார்க்கப் போனாலும், முதலில் என் கண் அவர்கள் அருகில் இருக்கும் டம்ளருக்குப் போகிறது. நிரம்பியிருந்தால், "குடிங்க" என்று நான் வற்புறுத்துவதில்லை. எழுந்து போய்க் குளியலறை வாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

செய்தி வந்த அன்று காலை, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நடைச்சட்டத்தைப் பிடித்துக் குளியலறைக்குப் போய் வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.